மீன் அடுப்புக்குப் போகுமுன் விலையைச் சொல்லுங்கள்

சென்ற ஏப்ரல் பாடசாலை விடுமுறையில் பேரப்பிள்ளைகளின் நச்சரிப்புத் தாங்காமல் குடும்பத்தோடு தெற்குக் கரைக்குப் போயிருந்தோம். நாங்கள் இருவர், மகன், மருமகள், மகளின் பிள்ளைகள் இரண்டு பேர், ஆக ஆறு பேர். மஃரிப் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் கரை நெடுகிலும் கடலுணவுக் கடைக்காரர்கள் மேசைகளை மணலுக்கே இறக்கி விளக்கேற்றி விட்டார்கள். ஒவ்வொரு கடைக்கு முன்னாலும் ஒரு பெரிய பலகை, பலகையில் நொறுக்கிய ஐஸ், ஐஸுக்கு மேல் பாரை, விளைமீன், கலவா, கணவாய், இறால், காலைக் கட்டிப் போட்ட நண்டு. பார்க்கவே ஆசையாகத்தான் இருந்தது.

ஒரு கடையில் முதலாளி எம்மவர். ஸலாம் சொல்லி வரவேற்றார். வேறெங்கும் போய் எதைச் சுட்ட அடுப்பில் எதைச் சுடுகிறார்களோ என்று யோசிப்பதை விட இது நல்லது என்று அங்கேயே உட்கார்ந்தோம். பேரன் ஒரு பாரை மீனைக் கையால் காட்டினான். கடைக்காரப் பையன் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். கொஞ்சம் இறாலும் ஒரு தட்டுக் கணவாயும் சொன்னோம். சோறு, ரொட்டி, தேசிக்காய்த் தண்ணீர். சாப்பாடு ருசிதான். அதில் பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு பில் வந்தது. அதில் "மீன் - 14,500" என்று ஒரு வரி. நிறையும் இல்லை, கிலோ என்ன விலை என்பதும் இல்லை. அந்த மீன் என் கண் மதிப்பில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இராது. அன்று காலை அதே ஊர்ச் சந்தையில் அதே இன மீன் கிலோ 2,200 ரூபாவுக்குப் போனதை நான் நேரில் பார்த்திருந்தேன். "தம்பி, மீன் எத்தனை கிலோ?" என்று கேட்டேன். "சீசன் விலை ஹாஜியார்" என்று பதில் வந்தது. நான் கேட்டது நிறை, அவர் சொன்னது சீசன். நிறுத்திருந்தால்தானே சொல்வதற்கு!

நான் முப்பது வருடத்துக்கு மேலாகப் புறக்கோட்டையில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்கிறவன். ஒரு மூட்டை மல்லி வாங்குவதற்கு நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்கிறவன். அப்படிப்பட்டவன் மீனைக் காட்டும்போது விலை கேட்கவில்லை. ஏன்? மருமகள் பக்கத்தில் இருக்கிறாள், பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள், அந்த நேரத்தில் "கிலோ என்ன விலை" என்று கேட்க வெட்கமாக இருந்தது. என்னைப் போலத்தான் எல்லாக் குடும்பத் தலைவர்களும். இந்த வெட்கத்தை முதலாக வைத்துத்தான் சில கடலுணவுக் கடைகள் நடக்கின்றன என்பதைப் பணத்தைக் கட்டிய பிறகு விளங்கிக்கொண்டேன்.

பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. அவர்களும் பில்லை வைத்துக்கொண்டு ஏதோ கேட்டார்கள். பையன் தோளைக் குலுக்கினான். அவர்கள் சண்டை பிடிக்கவில்லை. பில்லைப் போனில் படம் பிடித்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தப் படம் எங்கே போயிருக்கும் என்பது முதலாளிக்கு அப்போது விளங்கியிருக்காது. நாங்கள் திரும்பி வரும் வழியில் மீனின் ருசியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கொழும்பு வரைக்கும் பில்லைப் பற்றித்தான் பேச்சு.

இந்தக் கிழமை நான் எழுத வந்தது இதைத்தான். எம்மவர்களில் பலர் இன்று கடற்கரைகளில் சாப்பாட்டுக் கடைகளில் முதல் போடுகிறார்கள். பேருவளை, காலி, வெலிகம, நிலாவெளி, பாசிக்குடா, அறுகம்பை என்று எங்கு போனாலும் பார்க்கலாம். நல்ல தொழில்தான். ஆனால் இந்தத் தொழிலைக் கெடுப்பது கடலும் அல்ல, காற்றும் அல்ல. விலை சொல்லாமல் மீனை அடுப்பில் போடும் பழக்கம்தான்.

கடைக்காரர் சொல்லும் நியாயம்

ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரியைப் பற்றி எழுதும்போது அவர் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். மீன் விலை பருப்பு விலை மாதிரி அல்ல. காலையில் ஒரு விலை, பகலில் ஒரு விலை. தென்மேல் பருவக்காற்று அடிக்கும் மே முதல் செப்டெம்பர் வரை மேற்கிலும் தெற்கிலும் கடல் கொந்தளிப்பு. அப்போது கிழக்கில் கடல் அமைதி. வருடக் கடைசியில் காற்று மாறினால் கிழக்கில் கொந்தளிப்பு, தெற்கில் அமைதி. இதனால்தான் மீனவர்கள் காலாகாலமாக ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போய் வாடி போடுகிறார்கள். உல்லாசப் பிரயாணிகளும் அந்தக் காற்றுப்படியே கரை மாறுகிறார்கள். ஆகவே கரையில் கடை போட்டவருக்கு வருடத்தில் ஐந்தாறு மாதம்தான் உழைப்பு. மிச்ச மாதங்களுக்கும் சேர்த்து வாடகையும் வட்டியும் அந்த மாதங்களிலேயே தேட வேண்டும்.

ஐஸ் செலவும் சின்னச் செலவல்ல. எமது வெப்பத்துக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும் என்பார்கள். கேஸ், கரி, எண்ணெய், மின்சாரம் எல்லாம் 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பிறகு எங்கே போய் நிற்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். கழிவும் இருக்கிறது. இறாலின் தலையையும் கோதையும் எடுத்தால் ஏறக்குறையப் பாதி போய்விடும். நண்டில் சதையாகக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு வந்தாலே பெரிய காரியம். கோது கழற்றி அதிக நாள் ஆகாத நண்டென்றால் உள்ளே தண்ணீர்தான் இருக்கும். வாங்கும்போது காலின் அடிப்பக்கத்தை அமர்த்திப் பார்க்கத் தெரியாதவர் நட்டப்படத்தான் வேண்டும். விற்காத மீன் மறுநாள் பாதி விலைக்கும் போகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முச்சக்கரவண்டிச் சாரதிக்கும் வழிகாட்டிக்கும் கொமிஷன். ஆள் கொண்டுவந்து விட்டால் பில்லில் இத்தனை வீதம் என்று பேச்சு. இந்தக் கொமிஷனைக் கடைக்காரர் தன் இலாபத்தில் இருந்து கொடுப்பதில்லை, மீனின் விலையில் ஏற்றுகிறார். விலைப்பலகை இருந்தால் ஏற்ற முடியாது. பல கடைகளில் பலகை இல்லாததற்கு உண்மையான காரணம் இதுதான் என்பது என் எண்ணம். விலை தினம் மாறுகிறது என்பது சாட்டு. தினம் மாறும் விலையைத் தினம் எழுதத்தான் வெண்கட்டி இருக்கிறது.

இந்தச் செலவையெல்லாம் நான் மறுக்கவில்லை. கணக்குப் போட்டே பார்ப்போம். காலையில் முழு மீன் கிலோ 2,000 ரூபாவுக்கு வாங்கினீர்கள் என்று வையுங்கள். ஐஸுக்கும் பழுதுக்கும் 300. கரி, எண்ணெய், தூள், சலாது, பொரித்த கிழங்கு 500. கூலி, வாடகை, மின்சாரம் 1,000. ஆக 3,800. அதற்கு மேல் 700 ரூபா இலாபம் வைத்தால் 4,500. அதாவது 100 கிராம் 450 ரூபா. ஒரு கிலோ நானூறு கிராம் மீனுக்கு 6,300 ரூபா. சந்தை விலையின் இரண்டு மடங்குக்கு மேல் விற்றும் அது அநியாயம் அல்ல. உட்கார இடம் கொடுத்து, சுட்டு, பரிமாறி, தட்டுக் கழுவுகிறீர்கள். இந்த விலையை முன்னே சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சொல்லாமல் பின்னே நீட்டினால் இதே 6,300 ரூபாவும் கொள்ளையாகத்தான் தெரியும்.

பொத்துவிலில் பார்த்த தராசு

ஓகஸ்ட்டில் ஒரு கல்யாண விஷயமாகப் பொத்துவில் பக்கம் போக வேண்டி வந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு அறுகம்பையில் ஒரு சிறிய கடைக்குக் கூட்டிப் போனார்கள். ஓலைக் கூரை, பிளாஸ்டிக் கதிரைகள், எட்டு மேசை இருக்கும். வாசலில் ஒரு கரும்பலகை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் மீனின் பெயரும் 100 கிராம் விலையும் வெண்கட்டியால் எழுதியிருந்தது. இரண்டு பெயர்கள் அழிக்கப்பட்டிருந்தன. அன்று அந்த மீன் வரவில்லையாம்.

நான் ஒரு விளைமீனைக் காட்டினேன். பையன் அதைத் தட்டில் வைத்து எங்கள் மேசைக்குப் பக்கத்தில் இருந்த தராசில் வைத்தான். "காக்கா, ஒரு கிலோ இருநூறு. நூறு கிராம் நானூற்றி இருபது. மொத்தம் ஐயாயிரத்து நாப்பது. சுடவா, பொரிக்கவா?" என்று கேட்டான். அவ்வளவுதான். அரை நிமிஷம் கூட ஆகவில்லை. நாங்கள் சரி என்று சொன்ன பிறகுதான் மீன் உள்ளே போனது. பில்லிலும் அதே நிறை, அதே விலை.

சாப்பிட்டு முடிந்து முதலாளியோடு கதைத்தேன். நாற்பது வயது இருக்கும். "முந்தி எனக்கிட்டயும் பலகை இல்ல காக்கா. ராவைக்கு ரெண்டு மூணு மேசையில சத்தம் வரும். இப்ப சத்தம் வாறல்ல" என்றார். காலையில் கரைக்கு வரும் ஒரு நாள் வள்ளங்களில்தான் வாங்குகிறார். பத்து மணிக்குப் பலகையை எழுதுகிறார். இரவு மிஞ்சுகிற மீன் மறுநாள் பலகைக்கு வராது, கருவாட்டுக்குப் போகும். கொமிஷன் கொடுப்பதில்லை. அதனால் சாரதிமார் ஆள் கொண்டுவருவது குறைந்ததாம். ஆனால் வந்தவர்கள் தங்கியிருக்கும் நாள் முழுக்க அங்கேயே வருகிறார்களாம். அன்றிரவு வெள்ளைக்காரர், கொழும்பிலிருந்து வந்த சிங்களக் குடும்பங்கள், அக்கரைப்பற்றுப் பக்கத்துப் பொடியன்மார் எல்லோருக்கும் ஒரே பலகை, ஒரே தராசு. மது கிடையாது. இருந்தும் எட்டு மேசையும் நிரம்பியிருந்தன.

தெற்கில் நான் உட்கார்ந்த கடை அதைவிடப் பெரியது, விளக்கு அதிகம், மேசையும் அதிகம். ஆனால் பள்ளி விடுமுறை இரவில் பாதி மேசை காலி. இரண்டுக்கும் ருசியில் பெரிய வித்தியாசம் இல்லை.

நூறு கிராமும் போதாது

பலகை எழுதினால் மட்டும் பிரச்சினை தீர்ந்துவிடுமா என்றால் இல்லை. சிங்கப்பூரில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். கடலுணவுக்குப் பேர்போன ஊர். 1950களில் ஒரு தள்ளுவண்டியில் ஆரம்பித்ததாகச் சொல்லப்படும் மிளகாய் நண்டு இன்று அவர்களது தேசியச் சாப்பாடு மாதிரி. எமது களப்புகளில் பிடிபடும் பெரிய நண்டு, காலைக் கட்டி உயிரோடு விமானத்தில் அங்கேதான் போகிறது. "ஸ்ரீலங்கா நண்டு" என்றே அங்கு கடைகளில் எழுதி விற்கிறார்கள்.

அந்த ஊரில் 2023 ஓகஸ்டில் ஒரு ஜப்பானியப் பெண் நண்பர்களோடு கடலுணவுக் கடை ஒன்றில் சாப்பிட்டார். அலாஸ்கா நண்டு ஒன்றைப் பணியாள் சிபாரிசு செய்தார். விலை 30 டொலர் என்று அந்தப் பெண் விளங்கிக்கொண்டார். கடைக்காரர் விற்றது 100 கிராம் கணக்கில். நண்டு மூன்று கிலோவுக்கு மேல். நண்டுக்கு மட்டும் 938 சிங்கப்பூர் டொலர் பில் வந்தது. அவர் பொலிஸைக் கூப்பிடச் சொன்னார், பொலிஸும் வந்தது. சமைக்க முன் நண்டைக் காட்டினோம், விலையும் சொன்னோம் என்றது கடை. முழு விலை எத்தனை என்று சொல்லவில்லை என்றார் அவர். கடைசியில் கடை நல்லெண்ணமாக நூறு டொலருக்குக் கொஞ்சம் மேல் குறைத்தது. ஆனால் செய்தி உலகம் முழுக்கப் போய்விட்டது.

கடைக்காரர் பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பேர் கெட்டது. ஏன்? "நூறு கிராம் இத்தனை" என்பது வியாபாரியின் பாஷை. "இந்த நண்டு இத்தனை" என்பது வாடிக்கையாளரின் பாஷை. பொத்துவில் பையன் இரண்டையும் சொன்னான். அந்தக் கடைசி எண்ணைச் சொல்வதில்தான் விஷயம் இருக்கிறது.

விலை உயர்ந்த கடைகள் இதை நன்றாக விளங்கி வைத்திருக்கின்றன. கொழும்பில் பழைய டச்சு வைத்தியசாலைக் கட்டடத்தில் தர்ஷன் முனிதாச என்பவர் கிரிக்கெட் வீரர்களான மஹேல ஜயவர்தன, குமார் சங்கக்கார ஆகியோரோடு சேர்ந்து 2011இல் தொடங்கிய நண்டுக் கடையை எல்லோரும் அறிவீர்கள். அங்கே அரைக் கிலோ நண்டு முதல் இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட நண்டு வரை நிறைப்படி தரம் பிரித்திருக்கிறார்கள். எந்த நிறைக்கு எவ்வளவு என்று தெரிந்துகொண்டுதான் ஆள் சாப்பிடுகிறார். எம்மைப் போன்றவர்களுக்கு அந்த விலை கட்டாது. ஆனால் விலை கூடுதலாக இருப்பது மரியாதையைக் கெடுக்காது, மறைப்பதுதான் கெடுக்கும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

வெள்ளைக்காரனுக்கு ஒரு விலையா?

"அவர்கள் டொலரில் உழைப்பவர்கள், கூட வாங்கினால் என்ன?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2024 ஏப்ரலில் கொழும்பு புதுக்கடையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு வெளிநாட்டுக்காரரிடம் கொத்து ஒன்றுக்கு 1,900 ரூபா கேட்டு, அவர் விலை அதிகம் என்றதும் ஒருவர் அதட்டிய காட்சி போனில் பதிவாகிப் பரவியது. பொலிஸார் ஆளைக் கைது செய்தார்கள். ஒருவர் செய்த காரியத்தால் அந்தத் தெரு முழுவதும் பேச்சுக்கு உள்ளானது. ஒழுங்காக விற்கிற மற்றக் கடைக்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

முந்திய காலத்தில் பிரயாணி ஒரு தரம் வருவார், ஏமாந்தால் போய்விடுவார், அவரது சொல் எமக்குக் கேட்காது. இன்று அவர் ஒரு தரம்தான் வருகிறார், ஆனால் அவர் எழுதியது போகாமல் நிற்கிறது. அடுத்து வருகிறவர் விமானம் ஏறுமுன்பே கூகுள் வரைபடத்தில் உங்கள் கடையின் பேரைத் தட்டி அதை வாசித்துவிட்டு வருகிறார். உங்கள் கடைப் பலகையில் நீங்கள் விலை எழுதாவிட்டால் அவர் அங்கே எழுதுவார்.

இன்னும் ஒன்று. 2018ஆம் ஆண்டு இந்நாட்டுக்கு 23 இலட்சத்துக்கும் அதிகமான உல்லாசப் பிரயாணிகள் வந்தார்கள். 2019 ஏப்ரல் தாக்குதல், அதன் பிறகு கொரோனா என்று வந்து, 2021ஆம் ஆண்டு முழுவதிலும் இரண்டு இலட்சம் பேர் கூட வரவில்லை. 2024இல்தான் மறுபடி 20 இலட்சத்தைத் தாண்டியது. அந்த வெறுமையான வருடங்களில் கரையிலிருந்த கடைகளுக்கு அடுப்பெரிய வைத்தவர்கள் வான் பிடித்து வந்த உள்ளூர்க் குடும்பங்கள்தான். பிரயாணி திரும்பி வந்ததும் அந்தக் குடும்பங்களுக்கும் பிரயாணி விலை போடுவது நன்றி கெட்ட வேலை.

மீனை விட நம்பிக்கை சீக்கிரம் பழுதாகும்

கடலுணவு வியாபாரத்தில் நம்பிக்கை போனால் எப்படி இருக்கும் என்று நாம் இரண்டு தரம் பார்த்துவிட்டோம். 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் கொரோனாத் தொற்று பரவியதும் நாடு முழுவதும் மீன் வாங்குவதை விட்டார்கள். முன்னாள் மீன்பிடித்துறை அமைச்சர் திலிப் வெதஆரச்சி ஊடகவியலாளர்கள் முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்ட வேண்டிய நிலைமை வந்தது. அடுத்த வருடம் மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்தது. ஜூனில் அது மூழ்கியது. மறுபடியும் மீன் என்றால் பயம். இரண்டிலும் மீனவரோ கடைக்காரரோ செய்த குற்றம் ஒன்றுமில்லை. குற்றமில்லாமலே இப்படி அடி விழும் தொழிலில், நாமாகவே சந்தேகத்தை உண்டாக்கலாமா?

நிறையைப் போலத்தான் புதுமையும். பலநாள் படகுகள் கிழமைக் கணக்கில் கடலில் நிற்பவை. அவற்றில் முதல் நாள் பிடித்த மீனும் கடைசி நாள் பிடித்த மீனும் ஒரே ஐஸில்தான் வருகின்றன. ஒழுங்காக ஐஸ் போட்டிருந்தால் அதில் குற்றமில்லை. ஆனால் அதைக் காட்டி "இன்று காலை பிடித்தது" என்று சொல்வது குற்றம். சூரை, கெலவல்லன் போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு உண்டாகும். அது சுட்டாலும் போகாது, பொரித்தாலும் போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலை இடிக்கும். மேல் மீனுக்கு ஐஸ் காட்டி, பழைய மீனை இடையில் சொருகுகிற ஆட்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எமக்கு இது புதிய பாடமும் அல்ல. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்ததும், மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னபோது அப்படியானால் ஈரமானதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டதும் மதரஸாப் பிள்ளைக்கும் தெரியும். அளவையில் மோசடி செய்பவர்களைப் பற்றி அல்குர்ஆனில் ஓர் அத்தியாயமே அவர்களது பெயரில் இருக்கிறது. மூட்டை மல்லிக்கும் அதுதான் சட்டம், ஐஸ் பலகை மீனுக்கும் அதுதான். மேசைக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் பில்லில் கை வைப்பது எந்த வகையில் சேரும் என்பதை அவரவர் மனச்சாட்சியிடம் விடுகிறேன்.

செய்ய வேண்டியவை

கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு நான் சொல்வது பெரிய செலவுள்ள காரியங்கள் அல்ல.

முதலாவது, மூன்று மொழியிலும் ஒரு கரும்பலகை. மீனின் பெயர், 100 கிராம் விலை, அன்றைய திகதி. இல்லாத மீனை அழித்துவிடுங்கள். கழுவ முன் நிறையா, கழுவிய பின் நிறையா என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். பாதிச் சண்டை அதில்தான் வருகிறது.

இரண்டாவது, வாடிக்கையாளர் கண் முன்னால் ஒரு தராசு. அது நிறுவைத் திணைக்களத்தின் முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அதைக் கேட்கிறது. விலையைக் காட்சிக்கு வைப்பதும், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பதும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி வியாபாரியின் கடமை. அதிகாரி வந்து தண்டம் அடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

மூன்றாவது, மீன் அடுப்புக்குப் போகுமுன் முழுத் தொகையை வாயால் சொல்லுங்கள். சேவைக் கட்டணம் 10 வீதம் உண்டென்றால் அதையும் அப்போதே சொல்லுங்கள். 6,300 ரூபா மீனுக்கு அது 630 ரூபா. பெறுமதி சேர் வரி 18 வீதம் என்று போடுகிறவர்கள், அதற்குப் பதிவு செய்திருந்தால் மட்டும் போடுங்கள். பதிவில்லாத கடை வரி என்ற பெயரில் ஒரு சதம் கூட எடுக்க முடியாது.

நான்காவது, சாரதிக்குக் கொமிஷன் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் அதை மீன் விலையில் ஏற்றாமல் உங்கள் விளம்பரச் செலவாக எழுதுங்கள். எழுதிப் பார்த்தால் அது எவ்வளவு என்று தெரியும். தெரிந்தால் குறைப்பீர்கள்.

சாப்பிடப் போகும் எமக்கும் ஒரு கடமை உண்டு. வெட்கப்படாமல் கேட்க வேண்டும். "தம்பி, இந்த மீன் எத்தனை கிலோ, மொத்தம் எவ்வளவு?" இவ்வளவுதான் கேள்வி. பிள்ளைகளுக்கு முன்னால் கேட்பதில் குறைவு ஒன்றும் இல்லை. வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்துப் பழகுவது நல்லதுதான். காலி முகத்திடலில் இறால் வடை விற்கிற தள்ளுவண்டியில் நாம் விலை கேட்டுவிட்டுத்தானே வாங்குகிறோம்? கண் முன்னால் பொரிக்கிறார், கையில் தருகிறார், கேட்ட விலையைக் கொடுக்கிறோம். பத்தாயிரம் ரூபா மீனுக்கு மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்கிறோம்?

அந்தத் தெற்குக் கரைக் கடைக்காரரின் பேரை நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். இதை வாசித்தால் தன்னைத்தான் சொல்கிறேன் என்று அவருக்கு விளங்கும். ஒரு கரும்பலகையும் ஒரு தராசும் வாங்க அன்று என்னிடம் கூடுதலாக எடுத்த காசே ஏறக்குறையப் போதும். அவர் வாங்கி வைத்தால் அந்தக் காசை நான் ஹலாலாக்கி விடுகிறேன்.

அடுத்த விடுமுறைக்கு எங்கே போவது என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. தூரம் அதிகம், வான் கூலியும் அதிகம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகள் கேட்பதாக இல்லை. பொத்துவிலுக்குத்தான் போக வேண்டுமாம். தராசில் மீனை நிறுப்பதைப் பார்க்க வேண்டுமாம்.